மூன்று சிலிண்டரில் ரேஸ் கார்: கோவை கரிவரதன் போட்ட எஞ்சின் கணக்கு

காட்டுப்பள்ளி என்றால் துறைமுகம், கப்பல் கட்டும் தளம். கும்மிடிப்பூண்டி என்றால் சிப்காட். இந்தப் பக்கம் வேலைக்குப் போய் வருகிற பலருக்கும், அதே திருவள்ளூர் மாவட்டத்தில் ஜிஎன்டி சாலையை ஒட்டி இருக்கும் சோழவரத்தின் பழைய பெருமை தெரியாது. காட்டுப்பள்ளியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும் ஊர்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்த பிறகு அதில் ரேஸ் கார்கள் ஓடின. 1950-களில் தொடங்கி 1980-களின் கடைசி வரை, தென்னிந்தியாவில் கார் ரேஸ் என்றால் சோழவரம்தான்.

அந்த ஓடுதளத்தில் கார் ஓட்டி, பிறகு தானே கார் கட்டவும் தொடங்கியவர் எஸ்.கரிவரதன். நம்ம ஊர் ரேஸ் உலகத்துக்கு அவர் வெறும் கரி. அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால், இன்றைக்கும் கார் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு பதில் கிடைக்கும். சிலிண்டர் எண்ணிக்கை கூடினால் கார் வேகமாகுமா? 3 சிலிண்டர் என்றாலே மட்டமா?

யார் இந்த கரிவரதன்?

1954-ல் பிறந்தவர். கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜி.குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய நிறுவனம் அது. கோவையில் இன்றும் அவிநாசி சாலையில் லட்சுமி மில்ஸ் என்பது பஸ் ஸ்டாப் பெயர் மட்டுமல்ல, ஊரின் அடையாளம்.

பஞ்சாலை ஊரில் ரேஸ் கார் எப்படி வந்தது என்று தோன்றலாம். ஆலை இருக்கும் ஊரில் லேத் இருக்கும், வெல்டிங் இருக்கும், வார்ப்படப் பட்டறை இருக்கும். மோட்டார், பம்ப்செட் செய்து பழகிய கைகள் இருக்கும். ஒரு உதிரி பாகம் வெளியூரிலிருந்து வராவிட்டால், அதைப் பார்த்து இங்கேயே கடைந்து எடுக்கிற ஆட்கள் கோவையில் உண்டு. ரேஸ் கார் கட்ட அடிப்படையாகத் தேவைப்படுவதும் அதுதான்.

கரிவரதன் வசதியான வீட்டுப் பிள்ளை. ஆசைக்கு ரேஸ் ஓட்டிவிட்டு, தொழிலைப் பார்க்கப் போயிருக்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. மற்றவர்களும் ஓட்டுகிற மாதிரி, செலவு குறைந்த ரேஸ் காரை இந்தியாவிலேயே கட்டினார். அவர் பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

சோழவரத்தில் என்னென்ன ஓடின?

அந்தக் காலத்தில் இந்தியாவில் கிடைத்த கார்களை விரல் விட்டு எண்ணலாம். அம்பாசடர், ஃபியட் என்று எல்லோரும் சொன்ன பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே 4 சிலிண்டர். ரேஸ் ஓட்ட விரும்பியவர்கள் இந்தக் கார்களை வாங்கி, சீட்டையும் கதவு அட்டையையும் கழற்றி எடை குறைத்து, எஞ்சினைப் பிரித்து மேய்ந்து ட்யூன் செய்து ஓட்டினார்கள்.

காசு உள்ளவர்கள் வெளிநாட்டு வண்டியை இறக்கினார்கள். 1980-களின் தொடக்கத்தில் தொழிலதிபர் விஜய் மல்லையா, ஃபார்முலா 1 பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட என்சைன் காரைச் சோழவரத்தில் ஓட்டினார். அதில் இருந்தது 3 லிட்டர் காஸ்வொர்த் வி8 எஞ்சின். சுமார் 480 குதிரைத்திறன். அம்பாசடரின் எஞ்சின் தந்ததோ 50 குதிரைத்திறன் அளவுதான்.

பத்து மடங்கு வித்தியாசம். இது சிலிண்டர் எண்ணிக்கையால் வந்ததா? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எஞ்சினின் மொத்த கொள்ளளவை சிலிண்டர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இது:

- அம்பாசடர்: 1489 சிசி, 4 சிலிண்டர். ஒன்றுக்கு 372 சிசி
- காஸ்வொர்த் வி8: 2993 சிசி, 8 சிலிண்டர். ஒன்றுக்கு 374 சிசி
- பிரீமியர் பத்மினி: 1089 சிசி, 4 சிலிண்டர். ஒன்றுக்கு 272 சிசி
- மாருதி 800: 796 சிசி, 3 சிலிண்டர். ஒன்றுக்கு 265 சிசி

அதாவது அம்பாசடரின் ஒரு சிலிண்டரும் ஃபார்முலா 1 காரின் ஒரு சிலிண்டரும் அளவில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அம்பாசடரின் ஒரு சிலிண்டர் 12 குதிரைத்திறன் சொச்சம் கொடுத்தது. காஸ்வொர்த்தின் ஒரு சிலிண்டர் 60 கொடுத்தது. எண்ணிக்கை இரட்டிப்பானதால் சக்தி இரண்டு மடங்கு கூடியது, சரி. மீதி ஐந்து மடங்கு எங்கிருந்து வந்தது?

சுழற்சியும் சுவாசமும்

எஞ்சினை ஒரு காற்றுப் பம்ப் என்று நினைத்துக்கொள்ளுங்கள். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, அழுத்தி, எரித்து, புகையை வெளியே தள்ளுகிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை இதைச் செய்கிறது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதில்தான் சக்தி இருக்கிறது.

அம்பாசடர் எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று தாண்டினாலே மூச்சு வாங்கும். அதன் கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கும். அங்கிருந்து நீண்ட கம்பிகள் மேலே வந்து வால்வைத் திறக்க வேண்டும். வேகம் கூடினால் அந்தக் கம்பிகளின் எடையே எமன். காஸ்வொர்த்தில் கேம்ஷாஃப்ட் தலைக்கு மேலேயே இருக்கும். சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். பத்தாயிரம் சுற்று சர்வசாதாரணம்.

சரி, அப்படியென்றால் சிலிண்டர் எண்ணிக்கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஒரே கொள்ளளவை நிறைய சிலிண்டர்களாகப் பிரித்தால் ஒவ்வொரு பிஸ்டனும் சின்னதாகும், எடை குறையும், அது மேலும் கீழும் போகும் தூரமும் குறையும். அதனால் இன்னும் வேகமாகச் சுழல முடியும். வால்வுகளுக்கான மொத்த இடமும் கூடுவதால் நன்றாகச் சுவாசிக்கும்.

ஓட்டமும் மென்மையாகும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். 3 சிலிண்டர் என்றால் 240 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. 4 என்றால் 180. வி8 என்றால் 90. வி12 என்றால் 60. இடைவெளி குறையக் குறைய உதறலும் குறையும். 3 சிலிண்டரில் இன்னொரு சிக்கல், நடு பிஸ்டனின் இரு பக்கமும் எஞ்சின் சீசா பலகை மாதிரி லேசாக ஆடும். டிராஃபிக் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் வருகிற அந்த நடுக்கம் இதனால்தான்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் காட்டுப்பள்ளிக்கு வருகிற மாதிரியான கன்டெய்னர் கப்பல்கள். பெரிய கப்பல் டீசல் எஞ்சினில் ஒரு பிஸ்டனின் விட்டமே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரை இருக்கும். நிமிடத்துக்கு நூறு சுற்றுதான் சுற்றும். ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கடல் தாண்ட அந்த நிதானம் போதும். கப்பலுக்கு வேகமாகச் சுழலும் எஞ்சின் வேண்டாம், ரேஸ் காருக்கு நிதானமாகச் சுழலும் எஞ்சின் வேண்டாம். அவ்வளவுதான்.

16 சிலிண்டர் என்ன ஆனது?

சிலிண்டரைக் கூட்டிக்கொண்டே போனால் ஜெயித்துவிடலாமா? 1966-ல் பிரிட்டனின் பிஆர்எம் நிறுவனம் அதைச் செய்து பார்த்தது. ஃபார்முலா 1-க்காக 3 லிட்டரில் ஹெச் வடிவத்தில் 16 சிலிண்டர் எஞ்சின். தாளில் பார்த்தால் அபாரம். கையில் எடுத்தால் கல்லு மாதிரி கனம். அடிக்கடி பழுது. அந்த எஞ்சின் ஜெயித்தது ஒரே ஒரு கிராண்ட் பிரிக்ஸ், 1966 அமெரிக்கப் போட்டி. அதுவும் லோட்டஸ் காரில், ஜிம் கிளார்க் ஓட்டியபோது.

அந்த ஆண்டு உலக சாம்பியன் ஆனவர் ஜாக் பிராபம். தன் பெயர் தாங்கிய காரைத் தானே ஓட்டினார். அதிலிருந்த ரெப்கோ வி8, சாலையில் ஓடும் கார்களுக்காக வார்க்கப்பட்ட ஓல்ட்ஸ்மொபில் பிளாக்கிலிருந்து உருவானது. சக்தியில் முன்னிலை இல்லை. ஆனால் எடை குறைவு, பந்தயம் முடியும்வரை நின்று ஓடியது.

1983-ல் இன்னும் ஒரு படி மேலே. நெல்சன் பிக்கே உலக சாம்பியன் ஆன பிராபம் காரில் இருந்தது வெறும் 1.5 லிட்டர், 4 சிலிண்டர் பிஎம்டபிள்யூ டர்போ. இதுவும் சாலைக் கார் பிளாக்கிலிருந்து வந்ததுதான். 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா ஜெயித்தபோது அந்தக் காரில் பிஸ்டனே கிடையாது. முக்கோண ரோட்டர்கள் சுழலும் வான்கெல் எஞ்சின்.

ஆக, எந்த எஞ்சின் சிறந்தது என்பதற்கு ஒரே பதில் இல்லை. விதிமுறை என்ன, காரின் எடை என்ன, கையில் காசு எவ்வளவு, பழுதானால் உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் எஞ்சினைத் தேர்வு செய்ய வேண்டும்.

மாருதி வந்தது

1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. 3 சிலிண்டர், 796 சிசி. அன்றைக்கு அதைப் பொம்மை கார் என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் எஞ்சின் தெரிந்தவர்களுக்கு உள்ளே இருந்த விஷயம் புரிந்தது. கேம்ஷாஃப்ட் தலைக்கு மேலே இருந்தது. 1089 சிசி பத்மினி நான்கு சிலிண்டரில் தந்த சக்தியை, ஏறத்தாழ அதே 40 குதிரைத்திறன் அளவை, இது மூன்றே சிலிண்டரில் தந்தது. பத்மினி 900 கிலோவுக்கு அருகில். மாருதி 650 கிலோ சொச்சம்.

இன்னொரு வசதி அதன் அமைப்பு. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக முன்பக்கம் குறுக்காக உட்கார்ந்திருக்கும். முன் சக்கரம்தான் இழுக்கும். அந்தக் கட்டை அப்படியே தூக்கி, ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துவிட்டால்? பின் சக்கரத்தில் இயங்கும், எஞ்சின் நடுவில் இருக்கும் ரேஸ் கார் தயார். தனியாக கியர்பாக்ஸ் செய்ய வேண்டாம், இறக்குமதி லைசென்ஸுக்கு டெல்லிக்கு நடக்க வேண்டாம்.

1980-களின் பிற்பகுதியில் கரிவரதன் கட்டிய ஃபார்முலா மாருதி கார் இந்த யோசனையில் பிறந்ததுதான். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கூடு. மேலே ஃபைபர் உடல். ஒருவர் மட்டும் உட்காரும் இருக்கை, கூரை கிடையாது, சக்கரங்கள் வெளியே. பார்த்தால் குட்டி ஃபார்முலா கார். பின்னால் இருந்தது பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸ் போகிற அதே மாருதி எஞ்சின்.

40 குதிரைத்திறனில் ரேஸா என்று சிரிக்க வேண்டாம். எடைக் கணக்கைப் பாருங்கள். 800 கிலோ காரில் 40 குதிரை என்றால் ஒரு குதிரை 20 கிலோவை இழுக்க வேண்டும். காரின் எடையைப் பாதியாக்கினால் 10 கிலோதான். எஞ்சினில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல், சக்தியை இரண்டு மடங்காக்கிய பலன். தரையை ஒட்டி உட்கார்ந்து, முகத்தில் காற்று அறைய வளைவில் திரும்பும்போது, அந்த மூன்று சிலிண்டர் குறைவாகத் தெரியாது.

எல்லோருக்கும் ஒரே எஞ்சின்

விரலுக்கேத்த வீக்கம் என்பார்கள். கரிவரதனின் கார் அந்த வகை. ஆனால் அதன் பெரிய பலன் செலவுக் குறைப்பு மட்டுமில்லை.

ஒருவரிடம் வி8, இன்னொருவரிடம் ட்யூன் செய்த ஃபியட் என்றால், முதலில் வருவது யார் என்று பந்தயம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். அதில் ஜெயித்தது ஓட்டுநரா, அவருடைய பேங்க் பேலன்ஸா என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி எஞ்சின், ஒரே மாதிரி கார் என்றால் கதை மாறிவிடும். பிரேக்கை யார் தாமதமாக மிதிக்கிறார், வளைவிலிருந்து யார் வேகம் குறையாமல் வெளியே வருகிறார், யார் பதற்றப்படாமல் காத்திருக்கிறார் என்பது வெளிச்சத்துக்கு வரும்.

சக்தி குறைந்த காரில் இது இன்னும் கறாராகத் தெரியும். 480 குதிரைத்திறன் இருந்தால், வளைவில் செய்த தப்பை நேர்ப்பாதையில் ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சரிக்கட்டிவிடலாம். 40 குதிரைத்திறனில் அது நடக்காது. வளைவில் ஒருமுறை வேகத்தை விட்டால், திரும்பப் பிடிக்க அரை ஓடுதளம் ஆகிவிடும். அதனால் ஓட்டுகிறவர் ஒவ்வொரு வளைவையும் சுத்தமாக எடுக்கக் கற்றுக்கொள்வார்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நிரந்தர ஓடுதளம் அமைத்த பிறகு, சோழவரத்தின் காலம் முடிந்தது. புதிய ஓடுதளத்தில் புதிய தலைமுறை ஓட்ட வந்தபோது, அவர்கள் ஏறி உட்கார ஃபார்முலா மாருதி இருந்தது.

அந்த காரில் ஏறியவர்கள்

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஓட்டிய முதல் பந்தயமே ஃபார்முலா மாருதிதான். முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். அவர் கரிவரதனுக்கு உறவினர். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த காரில் இருந்தது டொயோட்டாவின் 3 லிட்டர் வி10.

இங்கேயும் ஒரு கணக்கு. 3 லிட்டரைப் பத்தாக வகுத்தால் சிலிண்டருக்கு 300 சிசி. அவர் தொடங்கிய மாருதி எஞ்சினில் 265 சிசி. ஏறக்குறைய அதே அளவு சிலிண்டர்தான். வி10 நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் போனது என்பதுதான் வித்தியாசம்.

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், 2000-ல் ஃபார்முலா மாருதி தேசிய சாம்பியன். 2010-ல் ஹிஸ்பானியா அணியில் ஃபார்முலா 1 ஓட்டினார். இதுவரை ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் தமிழ்நாடு. இரண்டு பேரும் அந்த மூன்று சிலிண்டர் காரில் உட்கார்ந்து வந்தவர்கள்.

இதில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. நரேனின் அப்பா ராலி சாம்பியன். கருணின் வீடும் ரேஸ் வீடு. கார் விலையைக் கரிவரதன் குறைத்தார். ஆனால் டயர், பயிற்சி, பயணம், வெளிநாட்டுப் போட்டி என்று அடுத்தடுத்து வரும் செலவை யாராலும் குறைக்க முடியவில்லை. ஃபார்முலா மாருதி கதவைத் திறந்தது உண்மை. அதற்கப்புறம் இருந்த படிக்கட்டு காசு உள்ளவர்களுக்கே எட்டியது. இந்திய மோட்டார் பந்தயத்தில் அந்தக் குறை இன்றும் தீரவில்லை.

1995

கரிவரதனின் வேகம் ஓடுதளத்தோடு நிற்கவில்லை. வானத்திலும் பறந்தார். 1995-ல் இலகு ரக விமான விபத்தில் உயிரிழந்தார். வயது 41. நரேன் ஃபார்முலா 1-க்குப் போக அப்போது இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. தான் கட்டிய காரிலிருந்து புறப்பட்ட ஒருவர் அந்த உயரத்தைத் தொட்டதை அவர் பார்க்கவில்லை.

ஆனால் கோவையில் வேலை நிற்கவில்லை. அங்கே ரேஸ் கார் கட்டுகிற பட்டறைகள் தொடர்ந்தன. ஃபார்முலா மாருதிக்கு அடுத்த படியாக, 1300 சிசி, 4 சிலிண்டர் ஸ்விஃப்ட் எஞ்சின் பொருத்திய எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள் வந்தன. சாலைக் கார் எஞ்சினை எடு, எல்லோருக்கும் ஒன்றாகக் கொடு என்ற அதே முறைதான். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ஓடுதளத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரே வைத்தார்கள்.

இப்போது கார் பார்க்கிறவர்களுக்கு

ஷோரூமில் 3 சிலிண்டர் என்று சொன்னதும் முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. உதறல் பற்றிய புகாரில் நியாயம் இருக்கிறது. வேகம் பற்றிய பயத்தில் நியாயம் இல்லை.

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1 லிட்டர், 3 சிலிண்டர் டர்போ எஞ்சின் 115 குதிரைத்திறன் தருகிறது. 1.5 லிட்டர், 4 சிலிண்டர் டர்போ 150 தருகிறது. ஒரு சிலிண்டருக்கு என்று பார்த்தால் இரண்டுமே 38 சுற்றி. சிலிண்டர் குறைந்ததால் எந்த எஞ்சினும் சோம்பேறி ஆகிவிடவில்லை. டொயோட்டாவின் ஜிஆர் யாரிஸ் 1.6 லிட்டர், 3 சிலிண்டரில் 250 குதிரைத்திறனைத் தாண்டுகிறது. அது ராலிக்காகவே உருவான கார்.

அதனால் அடுத்த தடவை விளம்பரத்தில் சிலிண்டர் எண்ணிக்கையைப் பார்த்தால் அங்கேயே நிற்க வேண்டாம். காரின் எடை எவ்வளவு? டர்போ உண்டா? அதிகபட்ச டார்க் எத்தனை சுற்றில் கிடைக்கிறது? உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா? தினமும் மீஞ்சூர் லாரி நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்குக் குறைந்த சுற்றிலேயே டார்க் தரும் எஞ்சின் போதும். அடிக்கடி நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவருக்கு 4 சிலிண்டரின் மென்மைக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கையில் இருப்பது என்ன, அதைக் கொண்டு செய்ய வேண்டிய வேலை என்ன என்று பார்த்துத்தான் கரிவரதனும் தன் காரைக் கட்டினார். அன்றைக்குக் கடைத்தெருவில் எளிதாகக் கிடைத்த நல்ல எஞ்சினில் மூன்று சிலிண்டர்தான் இருந்தன.